ஒரே ஒரு படிக்கட்டு: வைன்காஃப் ஓட்டல் தீ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் கட்டட வரைபடம் வரைந்து பிழைப்பவன். பெரியமேடு, திருவல்லிக்கேணி, எழும்பூர், ஆயிரம் விளக்கு பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் கட்டடத்தை மாற்றிக் கட்ட என்னிடம் வருவதுண்டு. இரண்டாவது படிக்கட்டு என்று பேச்செடுத்தாலே பலருக்கு முகம் மாறிவிடும். "அந்த இடத்துல மாடிக்கு ஒரு ரூம் போட்டுடலாமே சார்" என்பார்கள். அப்போதெல்லாம் அமெரிக்காவில் 1946-இல் எரிந்த ஓர் ஓட்டலின் கதையைச் சொல்வேன். கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

நம் ஊரில் ஓட்டல் என்றால் முதலில் இட்லி, தோசைதான் நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்தில் ஓட்டல் என்று வருவதெல்லாம் தங்கும் இடம்.

வைன்காஃப் ஓட்டலில் என்னதான் நடந்தது?

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில், பீச்ட்ரீ தெருவில் 1913-இல் திறக்கப்பட்ட 15 மாடி ஓட்டல் அது. 1946 டிசம்பர் 7, அதிகாலை மூன்றேகால் மணி வாக்கில் மூன்றாவது மாடி நடைபாதையில் தீப்பிடித்தது. தீயணைப்பு நிலையத்துக்கு முதல் அழைப்பு போனது 3 மணி 42 நிமிடத்துக்கு. நடுவில் போன நேரத்தில் தீ படிக்கட்டு வழியாக மேலே ஏறிவிட்டது. எச்சரிக்கை மணி கிடையாது, தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது, வெளிச்சுவரில் அவசரப் படிக்கட்டும் கிடையாது. இருந்த ஒரே படிக்கட்டு தீக்கும் புகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

அன்று இரவு 304 பேர் தங்கியிருந்தார்கள். 119 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் நடந்த ஓட்டல் தீ விபத்துகளில் இன்றுவரை அதிக உயிர் பலி வாங்கியது இதுதான். கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம், கடைவீதிக்கு வந்து தங்கியவர்கள் பலர். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு தி.நகர் பக்கம் லாட்ஜுகள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அந்த மாதிரிக் கூட்டம். இளைஞர் மாநாட்டுக்காக வந்திருந்த பள்ளி மாணவர்கள் 40 பேரும் அங்கேதான் தங்கினார்கள். அவர்களில் 30 பேர் வீடு திரும்பவில்லை. ஓட்டலைக் கட்டி அதற்குத் தன் பெயரையே வைத்த வைன்காஃபும் அவர் மனைவியும் அந்தக் கட்டடத்திலேயே குடியிருந்தார்கள். இருவருமே இறந்துபோனார்கள்.

'தீயால் முற்றிலும் அழியாத கட்டடம்' என்று விளம்பரம் செய்தார்களாமே. அது பொய்தானே?

பொய் இல்லை. அதனால்தான் இந்தக் கதை எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

கட்டடம் எஃகுச் சட்டத்தில் நின்றது. தீ அணைந்த பிறகும் தூண், உத்தரம், தளம் எல்லாம் அப்படியே நின்றன. விளம்பரம் சொன்ன பொருளில் கட்டடம் அழியவே இல்லை. உள்ளே இருந்த மனிதர்கள்தான் இறந்தார்கள். அன்றைக்கு வாங்குகிறவரும் விற்கிறவரும் காப்பீட்டுக்காரரும் கேட்ட கேள்வி "கட்டடம் இடிந்து விழுமா?" என்பது மட்டுமே. நடைபாதைச் சுவரில் பாதி உயரத்துக்குச் சணல் துணி ஒட்டிப் பெயின்ட் அடித்திருந்ததையும், அறைக் கதவுகள் சாதாரண மரக் கதவுகளாக இருந்ததையும், கதவுக்கு மேலே காற்றுக்காக வைத்த வென்டிலேட்டர்கள் நடைபாதையைப் பார்த்துத் திறந்திருந்ததையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்றும் என்னிடம் வருபவர்கள் "இது முழுக்க கான்கிரீட் சார், எரியறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். மெத்தை இருக்கிறது, திரை இருக்கிறது, பொய்க்கூரை இருக்கிறது, பிளைவுட் இருக்கிறது, ஏ.சி. வயர் இருக்கிறது. கான்கிரீட் எரியாதுதான். அந்தச் சூடும் புகையும் வெளியே போகாமல் பிடித்துவைக்கும் அடுப்பாக அது மாறிவிடும்.

15 மாடிக்கு ஒரே படிக்கட்டு. அனுமதி எப்படிக் கொடுத்தார்கள்?

விதிப்படியே கொடுத்தார்கள். அட்லாண்டாவின் 1911-ஆம் ஆண்டுக் கட்டட விதிப்படி, மனையின் பரப்பு 5,000 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் ஒரு படிக்கட்டு போதும். வைன்காஃப் நின்ற மனை சுமார் 4,400 சதுர அடி. நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கும் குறைவு. அதில் 15 மாடி!

சின்ன மனைக்குச் சலுகை கொடுத்தவர்கள் அதற்கு மேலே எத்தனை மாடி எழும்பும் என்று யோசிக்கவில்லை. அந்தப் படிக்கட்டும் லிஃப்டை ஒட்டி, கட்டடத்தின் நடுவில், எந்த மாடியிலும் கதவு போட்டு அடைக்காமல் திறந்தே இருந்தது. அதாவது கீழிருந்து உச்சி வரை ஒரு புகைபோக்கி. சென்னையில் ஒன்றரை கிரவுண்டில் கட்டிய லாட்ஜுகளில் ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். லிஃப்டைச் சுற்றிப் படி, படியைச் சுற்றி அறைகள். அதே அமைப்புதான்.

இறந்தவர்கள் தீயில் வெந்தா இறந்தார்கள்?

எல்லோரும் இல்லை. புகையால் மூச்சுத் திணறி இறந்தவர்கள் பலர். ஜன்னலிலிருந்து குதித்தும், படுக்கை விரிப்புகளை முடிந்து கயிறாக்கி இறங்கும்போது கைநழுவி விழுந்தும் 32 பேர் இறந்தார்கள்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது, இன்னும் ஆழமாகத் தூங்கவைத்துவிடும். "நாத்தம் வந்தா எழுந்துடுவோம்" என்று நம்பிப் படுப்பது தவறு. மணி அடித்தால்தான் எழுந்திருப்போம். அந்த மணிதான் வைன்காஃபில் இல்லை. இரவுப் பணியில் இருந்தவர்கள் ஒவ்வோர் அறையாகத் தொலைபேசியில் எழுப்பப் பார்த்தார்கள், கொஞ்ச நேரத்தில் அந்த வழியும் போய்விட்டது.

தீயணைப்பு வண்டிகள் வரவில்லையா?

வந்தன, வெகு சீக்கிரமாகவே வந்தன. ஏணிகள்தான் உச்சி மாடிகளை எட்டவில்லை. பின்பக்கச் சந்துக்கு அந்தப்புறம் இருந்த கட்டடத்தில் வீரர்கள் ஏறி, அங்கிருந்து ஓட்டல் ஜன்னலுக்கு ஏணியையே பாலமாகப் போட்டுப் பலரைக் காப்பாற்றினார்கள்.

நம் ஊரில் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் 177 அடி. வைன்காஃபும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். 1975 ஜூலையில் எல்.ஐ.சி. எரிந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. எங்கள் பெரியப்பா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தரையில் நின்று அண்ணாந்து பார்த்த கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். ஏணியின் நீளத்தை நம்பிக் கட்டடம் கட்டக் கூடாது. இப்போது எவ்வளவு உயரமான ஏணி வண்டி வந்திருந்தாலும், அது உங்கள் லாட்ஜ் இருக்கும் சந்துக்குள் திரும்ப வேண்டுமே.

தீ எப்படிப் பிடித்தது?

நடைபாதையில் கிடந்த மெத்தையில் யாரோ போட்ட சிகரெட் என்று அப்போது சொன்னார்கள். யாரோ வேண்டுமென்றே வைத்தார்கள் என்ற சந்தேகமும் நெடுநாள் இருந்தது. முடிவாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நடைபாதையில் மெத்தை கிடந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஒரு பெண் குதிக்கும் புகைப்படம் இந்தத் தீயில் எடுத்ததா?

ஆம். அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மாணவர் ஆர்னால்ட் ஹார்டி எடுத்தது. 1947-இல் அமெரிக்காவின் உயரிய பத்திரிகைத் துறைப் பரிசான புலிட்சர் பரிசு பெற்றது. தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லாத ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. படத்தில் இருக்கும் பெண் பலத்த காயத்தோடு உயிர் பிழைத்துக்கொண்டார்.

இதனால் விதிகள் என்ன மாறின?

இது தனியாக நடந்த விபத்து இல்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1946-இல், ஜூன் 5 அன்று சிகாகோவின் லாசால் ஓட்டலில் 61 பேர் இறந்தார்கள். நான்கே நாளில் அயோவா மாநிலத்தின் டுபூக் நகரில் கேன்ஃபீல்ட் ஓட்டலில் 19 பேர். சிகாகோ நகர சபை உடனே விதிகளைத் திருத்தி, தானாக ஒலிக்கும் எச்சரிக்கை மணி வேண்டும் என்றது, ஒவ்வோர் அறையிலும் தீ வந்தால் என்ன செய்வது என்ற குறிப்பு ஒட்டச் சொன்னது. இன்று ஓட்டல் அறைக் கதவின் உட்பக்கம் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறதே, யாரும் படிக்காத அந்தத் தாளுக்குப் பின்னால் 61 உயிர்கள் இருக்கின்றன.

டிசம்பரில் வைன்காஃபும் எரிந்த பிறகு நாடே அதிர்ந்தது. 1947 மே மாதம் அதிபர் ட்ரூமன் தீத்தடுப்புக்கென்றே ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டினார். வெளியேறும் வழிகளுக்கான விதிநூல் ஒன்று அமெரிக்காவில் 1927 முதலே இருந்தது. அது அடுத்தடுத்த ஆண்டுகளில் திருத்தப்பட்டு, 1966-இல் 'உயிர்ப் பாதுகாப்பு' என்ற பெயரையே ஏற்றுக்கொண்டது. பெயர் மாற்றம்தானே என்று தோன்றலாம். எனக்கு அதுதான் பெரிய மாற்றம். கட்டடம் நிற்குமா என்ற கேள்வி பின்னுக்குப் போய், ஆள் வெளியே வருவானா என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது. படிக்கட்டைச் சுவர் வைத்து அடை, தீ தாங்கும் கதவு போடு, கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், எந்த அறையிலிருந்து வந்தாலும் இரண்டு திசையில் ஓட வழி வேண்டும். எல்லாம் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்.

அதைவிடக் கடினமான சண்டை ஒன்று நடந்தது. புது விதி புதுக் கட்டடத்துக்கு மட்டுமா, பழையதுக்கும் சேர்த்தா? "அன்றைய விதிப்படி கட்டினோம், இனி எங்களைத் தொடக்கூடாது" என்பது உரிமையாளர்களின் வாதம். வைன்காஃபும் அன்றைய விதிப்படி கட்டியதுதான் என்பதே அந்த வாதத்தைப் பலவீனப்படுத்தியது.

அந்தக் கட்டடம் இப்போது இருக்கிறதா?

இருக்கிறது. 1951-இல் வேறு பெயரில் திறந்தார்கள். பிறகு முதியோர் விடுதியாக இருந்தது, அப்புறம் வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. 2007 முதல் எல்லிஸ் ஓட்டல் என்ற பெயரில் நடக்கிறது. வெளியே நினைவுப் பலகை இருக்கிறது.

விதி மாறிய பிறகு ஓட்டல் தீ நின்றுவிட்டதா?

இல்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டல், 1980 நவம்பர் 21. தரைத்தளத்தில் ஓர் உணவகத்தின் மின்சாரக் கோளாறில் தீ ஆரம்பித்தது. 85 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தீயை நேரில் பார்க்கக்கூட இல்லை. லிஃப்ட் குழிகள், படிக்கட்டுகள் வழியாக ஏறிய புகை, 26 மாடிக் கட்டடத்தின் மேல் மாடிகளில் இருந்தவர்களைக் கொன்றது. தீ பிடித்த பகுதிக்கு ஸ்பிரிங்க்ளர் வேண்டாம் என்று விலக்குக் கொடுத்திருந்தார்கள். காரணம்: அங்கே 24 மணி நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும், தீயை யாராவது பார்த்துவிடுவார்கள். அன்று காலை ஏழு மணிக்கு அந்த உணவகம் மூடியிருந்தது.

அடுத்த ஆண்டே நெவாடா மாநிலம் உயரமான பழைய கட்டடங்களுக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று சட்டம் போட்டது.

நம் நாட்டில்?

டெல்லியில் சித்தார்த் கான்டினென்டல் ஓட்டல் 1986 ஜனவரியில் எரிந்து 37 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டெல்லிக்கென்று தீத்தடுப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் 2019 பிப்ரவரியில் கரோல் பாக்கில் அர்பித் பேலஸ் ஓட்டல் விடிவதற்கு முன்பு எரிந்தது. நடைபாதையில் மரப் பலகைகள் பதித்திருந்தார்கள். 17 பேர் இறந்தார்கள், மாடியிலிருந்து குதித்தவர்களும் அதில் உண்டு. வைன்காஃபுக்கும் இதற்கும் 72 ஆண்டு இடைவெளி.

ஓட்டல் இல்லை என்றாலும் தமிழ்நாட்டில் கும்பகோணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் இறங்கின. பள்ளிக்கூடம் என்றால் இன்றும் அதிகாரி முதலில் கூரையைப் பார்ப்பார், அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. லாட்ஜ் விஷயத்தில் அந்த மாதிரி ஒரு பதற்றம் நமக்கு இன்னும் வரவில்லை. அதற்கும் ஒரு கும்பகோணம் தேவையா என்பதுதான் என் ஆற்றாமை.

சென்னையில் லாட்ஜுக்கு என்ன விதி?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 18.30 மீட்டருக்கு மேல் போனால் உயர்மாடிக் கட்டடம், கெடுபிடி அதிகம். தேசிய விதித்தொகுப்பு 15 மீட்டர் உயரம் தொட்டாலே இரண்டு படிக்கட்டு கேட்கிறது. லிஃப்டை வெளியேறும் வழியாக அது கணக்கிடுவதே இல்லை. பின்பக்கம் இரும்பில் சுருள் படி வைத்துக் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு: ஒன்பது மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கு அது ஏற்புடையதில்லை. மூச்சுத் திணறும் வயதானவரால் இருட்டில் அதில் இறங்கவும் முடியாது.

பின்படிக்கட்டைப் பூட்டாவிட்டால் வாடகை தராமல் ஓடிவிடுகிறார்களே!

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. கேட்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. ஒரு லாட்ஜில் அளவெடுக்கப் போனபோது பின்படிக்கட்டுக் கதவில் பூட்டு. சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஊருக்குப் போயிருக்கிறார். உடைத்துத் திறந்தால், படியில் இரண்டு மாடிக்குப் பழைய மெத்தைகள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்கிறது விதி. வெளியிலிருந்து யாரும் வர முடியாதபடி பூட்டிக்கொள்ளலாம், தடையில்லை. உட்பக்கம் குறுக்கே ஒரு தள்ளுகம்பி போட்டால் உடம்பு பட்டாலே திறக்கும், சினிமா தியேட்டரில் பார்த்திருப்பீர்கள். அதோடு ஒரு மணியை இணைத்துவிட்டால் யார் திறந்தாலும் கீழே வரவேற்பில் சத்தம் கேட்கும். வாடகை ஏமாற்றுகிறவர் அதிலேயே பிடிபடுவார். வேண்டுமானால் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கட்டடம், இடமே இல்லை. என்ன செய்வது?

இரண்டாவது படிக்கு வழியே இல்லாத இடங்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அப்போதும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இருக்கும் படிக்கட்டை ஒவ்வொரு மாடியிலும் தீ தாங்கும் கதவு போட்டு அடையுங்கள், கதவு தானாக மூடட்டும், அதற்குக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள். அறைக் கதவுக்கு மேலே இருக்கும் பழைய வென்டிலேட்டர்களைச் செங்கல் வைத்து மூடுங்கள். எல்லா அறையிலும் புகை உணரும் மணி போடுங்கள். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மின்மீட்டர் பலகையையும் இன்வர்ட்டர் பேட்டரியையும் வேறிடத்துக்கு மாற்றுங்கள். ஏனென்றால் சென்னையில் பெரும்பாலும் தீ ஆரம்பிக்கும் இடமும், தப்பிக்கும் வழியும் ஒன்றாகவே இருக்கின்றன. இதெல்லாம் முடியாது என்றால் மேல் மாடிகளில் ஆளைத் தங்கவைக்காதீர்கள். வருமானம் குறையும், தெரியும்.

மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கிரீம்ஸ் சாலைப் பக்கம் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அறுவை முடிந்து நடக்க முடியாதவர்களுக்குக் கீழ் மாடி அறை கொடுங்கள். அறைக் கதவில் ஒட்டும் குறிப்பைத் தமிழ், ஆங்கிலத்தோடு வங்காளத்திலும் ஒட்டுங்கள். அறையிலேயே சமைக்கிறார்கள் என்று திட்டிப் பயனில்லை. அவர்களுக்கு வேறு வழியில்லை, பத்தியச் சாப்பாடு. மொட்டை மாடியிலோ தரைத்தளத்திலோ பொதுச் சமையலிடம் ஒன்று ஒதுக்கிக் கொடுத்தால் சிலிண்டர் அறைக்குள் வராது.

லாட்ஜில் தங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியை வைத்ததும் வெளியே வந்து, உங்கள் அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணுங்கள். புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டு போகும்போது அந்த எண்ணிக்கைதான் வழி காட்டும். பின்படிக்கட்டு இருந்தால் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். பூட்டியிருந்தால் கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குத் திறந்திருக்கும். ஜன்னலில் இரும்பு கிரில் நிரந்தரமாகப் பற்றவைத்திருந்தால் வேறு அறை கேட்பேன் நான். சாவியைத் தலைமாட்டிலேயே வையுங்கள்.

தீ என்று தெரிந்துவிட்டது, நான் அறைக்குள் இருக்கிறேன்.

புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். சூடில்லை என்றால் மெதுவாகத் திறந்து, வழி தெளிவாக இருந்தால் குனிந்தபடி படிக்கட்டுக்குப் போங்கள், வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். லிஃப்ட் வேண்டாம். நடைபாதையில் புகை அடர்ந்திருந்தால் உள்ளேயே இருங்கள். துண்டையோ வேட்டியையோ நனைத்துக் கதவின் அடியில் அடையுங்கள், ஏ.சி.யை நிறுத்துங்கள், 101 அல்லது 112-ஐ அழைத்து மாடியும் அறை எண்ணும் சொல்லுங்கள். ஜன்னலை முழுக்கத் திறந்துபோட்டால் காற்று தீயை உங்கள் பக்கம் இழுக்கும். வெளியே புகை இல்லை என்றால் மட்டும் கொஞ்சம் திறந்து, வெள்ளைத் துணியோ செல்போன் டார்ச்சோ காட்டுங்கள். கீழே கூட்டம் "குதி, குதி" என்று கத்தும். குதிக்காதீர்கள், துணியை அசைத்துக்கொண்டே இருங்கள்.